37 நாள் தீராத பந்தயம்: 2020 அமெரிக்க அதிபர் தேர்தலும் பெட்ஃபேர் சந்தையும்

2020 நவம்பர் 7, சனிக்கிழமை. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி முற்பகல் 11.25 மணியளவில், பென்சில்வேனியாவை ஜோ பைடன் வென்றுவிட்டார், எனவே அடுத்த அதிபர் அவரே என்று சிஎன்என், என்பிசி, அசோசியேட்டட் பிரஸ் ஆகிய நிறுவனங்கள் சில நிமிட இடைவெளியில் அறிவித்தன. மறுநாள் காலையில், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பிறந்த ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில், வாசலில் வாழ்த்துக் கோலம் போட்டுப் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் பிரிட்டனின் மிகப் பெரிய பந்தயப் பரிமாற்றகமான பெட்ஃபேரில் 'அடுத்த அதிபர் யார்' என்ற சந்தை அந்த நேரத்திலும் திறந்தே இருந்தது. பைடன் பெயரில் 1 பவுண்டு கட்டினால் 1.05 பவுண்டு வாக்கில் திரும்பக் கிடைக்கும் என்று அது விலை காட்டியது. டொனால்ட் டிரம்ப் இன்னும் வெல்லக்கூடும் என்று பணம் கட்ட ஆட்கள் இருந்தார்கள். நாள்தோறும் வந்துகொண்டே இருந்தார்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளான தேர்வாளர் குழு டிசம்பர் 14ஆம் தேதி கூடி வாக்களித்த பிறகுதான் அந்தச் சந்தை தீர்க்கப்பட்டது, அதாவது வென்றவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது.

இந்த 37 நாளும் அதற்கு முன் வந்த தேர்தல் இரவும்தான் இந்த ஆய்வின் பொருள். தேர்தல் பந்தய விலையை மக்கள் மனநிலையின் அளவுகோலாகவும், கருத்துக்கணிப்பைவிட நம்பத்தக்க ஆரூடமாகவும் எடுத்துச் சொல்லும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. விலை என்பது நம்பிக்கையை மட்டும் காட்டுவதில்லை. எழுதிவைத்த விதி, பணம் முடங்கிக் கிடக்கும் காலம், யார் எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இதை 2020ஆம் ஆண்டுச் சந்தையைப் போல வெளிப்படையாகக் காட்டிய நிகழ்வு வேறு இல்லை என்பது என் கருத்து.

சந்தை இயங்கும் முறை

பிரிட்டனில் அரசியல் மீது பந்தயம் கட்டுவது சட்டப்படியான, பழகிப்போன செயல். 1963இல் ஹெரால்டு மேக்மில்லன் பதவி விலகியபோது, கன்சர்வேட்டிவ் கட்சியின் அடுத்த தலைவர் யார் என்பதற்கு லாட்புரோக்ஸ் நிறுவனம் விகிதம் அறிவித்துப் பணம் வாங்கியது. அத்தகைய பந்தயக் கடையில் வாடிக்கையாளருக்கு எதிரே நிற்பது கடைக்காரர். விகிதத்தை வைப்பவரும் தோற்றால் பணம் கொடுப்பவரும் அவரே. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பெட்ஃபேர் இந்த அமைப்பை மாற்றியது. அங்கே நிறுவனம் யாருக்கும் எதிராகப் பந்தயம் கட்டுவதில்லை. பைடன் வெல்வார் என்று ஒருவர் கட்டினால், வெல்ல மாட்டார் என்று அதே விலையில் இன்னொருவர் எதிர்த்துக் கட்ட வேண்டும். இருவரையும் பொருத்திவிட்டு, வென்றவரின் ஆதாயத்திலிருந்து ஒரு சிறு விழுக்காட்டை நிறுவனம் தரகாக எடுத்துக்கொள்ளும். முதல் வகைக்கு 'பேக்' என்றும் இரண்டாவதற்கு 'லே' என்றும் பெயர்.

விலையை நிகழ்தகவாக மாற்றுவது எளிது: 1ஐ அந்த விலையால் வகுத்தால் போதும். 2.0 என்றால் பாதிக்குப் பாதி, 1.5 என்றால் ஏறக்குறைய 67 விழுக்காடு, 1.05 என்றால் 95 விழுக்காடு. இந்த வகுத்தல் இவ்வளவு எளிதாக இருப்பதால்தான், விலையையே நிகழ்தகவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது.

வாக்குப்பதிவுக்கு முன்

வாக்குப்பதிவு நாளான நவம்பர் 3 காலை நிலவரப்படி பைடனின் விலை 1.5ஐ ஒட்டி இருந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அதே வேளையில் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளத்தின் கணிப்பு மாதிரி அவருக்கு 89 விழுக்காடு கொடுத்தது. தி எகானமிஸ்ட் இதழின் மாதிரி அதைவிடவும் கூடுதலாக, 97 விழுக்காடு என்று சொன்னது. கருத்துக்கணிப்புகளின் சராசரியில் அவர் தேசிய அளவில் 8 புள்ளிகளுக்குச் சற்று மேலாக முன்னிலையில் இருந்தார். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று அப்போதே பலர் வாதிட்டார்கள். பந்தயக்காரர்கள் 2016ஐ மறக்கவில்லை என்பதே முதன்மையான விடை.

அந்த ஆண்டு ஜூன் 23 அன்று பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்பு முடிந்த இரவில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தொடரும் என்பதற்குச் சந்தை மிகப் பெரிய வாய்ப்பைக் கொடுத்திருந்தது. நள்ளிரவு தாண்டியதும் சண்டர்லேண்டு நகரின் முடிவு வந்தது: வெளியேற வேண்டும் என்று 61 விழுக்காட்டினர் வாக்களித்திருந்தனர். அதே இரவில் விலை தலைகீழானது. பவுண்டின் மதிப்பு 1985க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. நான்கு மாதம் கழித்து, பேடி பவர் என்ற பந்தய நிறுவனம் ஹிலரி கிளின்டனின் வெற்றி உறுதி என்று கருதி, தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, அக்டோபர் 18 அன்று அவர் பெயரில் கட்டியவர்களுக்கு 10 இலட்சம் டாலருக்கு மேல் பட்டுவாடா செய்தது. டிரம்ப் வென்றதும் அவர் பெயரில் கட்டியவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு முறை, எல்லாரும் முடிந்த காரியம் என்று நினைத்தது கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள், 2020இல் கணிப்பு மாதிரிகளின் 89ஐயும் 97ஐயும் நம்பிப் பணம் போடத் தயங்கியதில் வியப்பில்லை.

இந்தக் கட்டத்தில் சந்தை முட்டாள்தனமாக நடந்துகொண்டது என்று நான் கருதவில்லை. முடிவை எண்ணிப் பார்த்தால் அதற்குக் காரணம் விளங்கும். பைடன் 306க்கு 232 என்ற தேர்வாளர் கணக்கில் வென்றார். மொத்த வாக்கில் 70 இலட்சத்துக்கு மேல் முன்னிலை பெற்றார். ஆனால் அரிசோனாவில் வித்தியாசம் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682. மூன்றையும் கூட்டினால் 42,918 வாக்கு. இம்மூன்று மாநிலங்களின் 37 தேர்வாளர்கள் மறுபக்கம் போயிருந்தால் கணக்கு 269க்கு 269 என்று சமனாகி, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் டிரம்பின் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது. ஏறக்குறைய 16 கோடிப் பேர் வாக்களித்த தேர்தலில் இது மயிரிழை. கருத்துக்கணிப்புகள் காட்டிய 8 புள்ளி முன்னிலையும் இறுதியில் 4.5 ஆகச் சுருங்கியது. மூன்றில் ஒரு பங்கு ஐயம் என்பது அவ்வளவு தவறான அளவு அல்ல.

ஒரே இரவில் இரண்டு திருப்பம்

பிரிட்டனில் நள்ளிரவு 12 மணி ஆகும்போது புளோரிடாவின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவு முடிகிறது. அந்த மாநிலம் தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்பே பிரித்துச் சரிபார்க்க அனுமதிப்பதால், அங்கே எண்ணிக்கை மளமளவென்று வரும். அந்த இரவில் எல்லாருடைய கண்ணும் மயாமி-டேட் கவுன்ட்டியின் (மாவட்டத்தின்) மீது இருந்தது. 2016இல் ஹிலரி கிளின்டன் அங்கே 29 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றிருந்தார். 2020இல் பைடனுக்குக் கிடைத்தது 7 புள்ளி. கியூபா, வெனிசுவேலா வழி வந்த வாக்காளர்களிடையே டிரம்ப் பெற்ற ஆதரவு யாரும் எதிர்பார்த்ததைவிட மிகுதி. மாநிலம் கைவிட்டுப் போனது. இறுதி வித்தியாசம் 3.3 புள்ளி.

சந்தை அதிர்ந்தது. புளோரிடாவில் கருத்துக்கணிப்பு தவறியிருந்தால் மற்ற இடங்களிலும் தவறியிருக்கும் என்ற எண்ணம், சண்டர்லேண்டைப் பார்த்தவர்களுக்கு உடனே வந்திருக்க வேண்டும். சில மணி நேரத்தில் டிரம்பின் வாய்ப்பு முக்கால் பங்கைத் தாண்டியது. காலையில் மூன்றில் இரண்டு பங்கு நம்பிக்கையுடன் இருந்தவர்கள், நள்ளிரவு தாண்டி, கட்டிய பணத்தில் பாதியாவது மிஞ்சட்டும் என்று விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

ஆனால் புளோரிடாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே ஒரு சட்ட வேறுபாடு இருந்தது. கொரோனா காலமாதலால் கோடிக்கணக்கானவர்கள் தபாலில் வாக்களித்திருந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள், ஏனெனில் தபால் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் தம் ஆதரவாளர்களிடம் சொல்லி வந்தார். பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே கூடாது என்பது சட்டம். ஆகவே நேரில் போடப்பட்ட வாக்குகள் முதலில் எண்ணப்படும், டிரம்ப் முன்னிலை பெறுவார், பின்னர் தபால் வாக்குகள் வந்து அது கரையும். இது நடக்கப்போகிறது என்று தேர்தலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுதினார்கள். குடியரசுக் கட்சியின் நிறத்தை வைத்து 'சிவப்புக் கானல்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். பந்தயச் சந்தையில் இருந்தவர்களும் அதைப் படித்தவர்களே. இருந்தும், திரையில் டிரம்ப் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 7 இலட்சம் வாக்கு முன்னிலையில் நிற்பதைப் பார்த்தபோது, படித்தது கைகொடுக்கவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த மாநிலத்தின் தபால் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு பைடனுக்குப் போனது. அதாவது ஒவ்வொரு 10 இலட்சம் தபால் வாக்கிலும் அவருக்கு 5 இலட்சம் முன்னிலை சேரும். மாநிலம் முழுவதும் அப்படிப்பட்ட வாக்குகள் 26 இலட்சம் இருந்தன. புதன்கிழமை காலையில் 14 இலட்சத்துக்கு மேல் எண்ணப்படாமல் இருந்தன. காகிதமும் பென்சிலும் இருந்த எவரும் அந்த நேரத்தில் 7 இலட்சம் முன்னிலை போதாது என்பதைக் கண்டிருக்க முடியும். கவுன்ட்டி வாரியாக எஞ்சிய வாக்குகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த சிலர் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் விடியற்காலையில் பைடனை 3க்கும் 4க்கும் வாங்கினார்கள்.

திருப்பம் விடியும்போது வந்தது. விஸ்கான்சினில் அதிகாலை 3 மணிக்கு மேல் மில்வாக்கி நகரம் தன் தபால் வாக்குகள் ஏறக்குறைய 1,70,000ஐ ஒரே தொகுப்பாக வெளியிட்டது. மாநிலத்தின் முன்னிலை அந்த நொடியில் கைமாறியது. அதற்குச் சற்று முன்னர்தான் வெள்ளை மாளிகையில் டிரம்ப், தாம் வென்றுவிட்டதாகப் பேசியிருந்தார். லண்டனில் அப்போது காலை 9 மணி ஆகியிருந்தது. இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் தூங்கப் போகும் நேரத்தில் விலை மீண்டும் பைடன் பக்கம் சாய்ந்தது. ஜார்ஜியாவில் கிளேட்டன் கவுன்ட்டியின் வாக்குகளும் பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவின் வாக்குகளும் வெள்ளிக்கிழமை காலையில் அவரை அவ்விரு மாநிலங்களிலும் முன்னிலைக்குக் கொண்டுவந்தன.

இந்த இரவில் சந்தை இரண்டு முறை தவறியது என்று சொல்வது எளிது. நான் அதை இப்படிப் பார்க்கிறேன்: புதிய செய்தியை மிக வேகமாக விலையில் சேர்ப்பது சந்தையின் வல்லமை, ஆனால் எந்தச் செய்தி முதலில் வரும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் தீர்மானித்தது. முதலில் வந்த செய்திக்கு, பிறகு வரப்போவதைவிடக் கூடுதல் எடை கிடைத்துவிட்டது.

நவம்பர் 7க்குப் பிறகு

இனி வருவதுதான் இந்த நிகழ்வின் மையம். முன்னணிச் செய்தி நிறுவனங்கள் அனைத்தும், டிரம்புக்கு நெருக்கமானது என்று கருதப்பட்ட ஃபாக்ஸ் நியூஸ் உட்பட, முடிவை அறிவித்த பின்னும் 1.05 என்ற விலை ஏன் நீடித்தது? 1,000 பவுண்டு கட்டினால் ஐந்து வாரத்தில் 50 பவுண்டு. ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 50 விழுக்காட்டுக்கு அருகில். அப்போது இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் 0.1 விழுக்காடு. இப்படியொரு வாய்ப்பு கண்ணெதிரே கிடக்கும்போது பெரும்பணம் வந்து குவிந்து விலையை 1.01க்குத் தள்ளியிருக்க வேண்டாமா? பணம் வரத்தான் செய்தது. சந்தையில் பொருந்திய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிச் சென்றது. ஆனாலும் விலை இறங்க மறுத்தது.

முதல் காரணம் விதியின் சொல். அந்தச் சந்தையின் விதி, 2020 தேர்தலில் 'மிகுதியான தேர்வாளர் வாக்குகளைப் பெறுவதாகக் கணிக்கப்படும்' வேட்பாளரின் பெயரில் பந்தயம் தீர்க்கப்படும் என்றும், தேர்வாளர் எவரேனும் பின்னர் கட்சி மாறி வாக்களித்தாலும் அது கணக்கில் வராது என்றும் கூறியது. கணிப்பவர் யார் என்று அது சொல்லவில்லை. கணிப்பு எந்த நாளில் உறுதியாகும் என்றும் சொல்லவில்லை. அமெரிக்கத் தேர்தலைத் தொடர்ந்து கவனிப்பவருக்கு 'கணிப்பு' என்றால் அசோசியேட்டட் பிரஸும் தொலைக்காட்சி நிறுவனங்களும் வெளியிடும் அறிவிப்பு. அந்தப் பொருளில் நவம்பர் 7 அன்றே பந்தயம் தீர்ந்திருக்க வேண்டும். பைடன் பெயரில் கட்டியவர்கள் அதையே சொல்லி முறையிட்டார்கள். வழக்குகளும் மறு எண்ணிக்கையும் நடக்கும்போது முடிவு உறுதியானதாகக் கொள்ள முடியாது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

நிறுவனத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பரிமாற்றகம் ஒரு முறை தீர்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டால், பின்னர் நீதிமன்றம் முடிவை மாற்றினால் அதைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு விலை இருந்தது; அதைக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். 'கணிக்கப்படும்' என்ற சொல் விதியில் இருக்கும்போது, கணிப்பு வந்த பின் மேலும் ஐந்து வாரம் காத்திருந்ததை, அந்தச் சொல்லின் இயல்பான பொருளோடு என்னால் பொருத்திப் பார்க்க இயலவில்லை. தேர்வாளர் குழுவின் வாக்களிப்பே வரம்பு என்றால், அதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

இரண்டாவது காரணம் முடங்கிய பணம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். தேர்தலுக்கு முன் பைடன் பெயரில் 1.5 விலையில் 1,000 பவுண்டு கட்டியவர் அவர். வென்றால் 500 பவுண்டு ஆதாயம். நவம்பர் 8 அன்று விலை 1.05. அவர் அந்த விலையில் பைடனுக்கு எதிராக 1,428 பவுண்டு 57 பென்ஸ் கட்டினால், யார் வென்றாலும் 428 பவுண்டு 57 பென்ஸ் ஆதாயம் உறுதி. அவர் கட்டியிருந்த 1,000 பவுண்டும் உடனே விடுபட்டு வேறு பந்தயத்துக்குப் பயன்படும். அதற்காக அவர் கைவிடுவது 71 பவுண்டு சொச்சம். அந்த மனிதர் டிரம்ப் வெல்வார் என்று ஒரு கணமும் நம்பவில்லை. அவருக்கு வேண்டியது நிம்மதியும் கைப்பணமும். ஆனால் சந்தையின் கணக்கேட்டில் அவருடைய செயல் டிரம்புக்கு ஆதரவான பணமாகவே பதிவாகிறது. 1.05 விலையில் விற்றவர்களில் எத்தனை பேர் டிரம்ப் அன்பர்கள், எத்தனை பேர் இப்படி லாபத்தைப் பூட்டிக்கொண்ட பைடன் பந்தயக்காரர்கள் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் பிரித்தறிய முடியாது. பந்தயச் சந்தை டிரம்புக்கு 5 விழுக்காடு வாய்ப்புத் தருகிறது என்று அந்த வாரங்களில் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறினார்கள்.

மூன்றாவது காரணம், உண்மையிலேயே நம்பியவர்கள். அவர்களை எள்ளி ஒதுக்குவது சரியல்ல. பற்றிக்கொள்ள அவர்களுக்கு நாள்தோறும் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. நவம்பர் 17 அன்று டெட்ராய்ட் அடங்கிய வெய்ன் கவுன்ட்டியின் தேர்தல் குழு இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து முடிவைச் சான்றளிக்க மறுத்தது; அன்றிரவே மனம் மாறிச் சான்றளித்தது. ஜார்ஜியாவில் அத்தனை வாக்குச்சீட்டுகளும் கையால் மறுபடி எண்ணப்பட்டு, நவம்பர் 20 அன்று பைடனின் வெற்றி சான்றளிக்கப்பட்டது. மறுநாள் பென்சில்வேனியாவில் நீதிபதி மேத்யூ பிரான் டிரம்ப் தரப்பின் முதன்மை வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் நான்கு மாநிலங்களின் முடிவை எதிர்த்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது; 17 மாநிலங்களும் குடியரசுக் கட்சியின் 126 பிரதிநிதிகளும் அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள். டிசம்பர் 11 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சட்டம் அறிந்தவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் கதவு சாத்தப்படும் ஓசை. மோசடி நடந்துவிட்டது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தவர்களுக்கோ, அடுத்த கதவு இன்னும் திறந்திருக்கிறது என்ற செய்தி.

இவர்களில் பலர் ஏழைகளாகவும் இருந்திருக்கலாம். பந்தயம் கட்டும் பழக்கமே இல்லாமல், தங்கள் தலைவர் மீதுள்ள நம்பிக்கையால் முதன்முறையாகக் கணக்குத் தொடங்கியவர்களாகவும் இருந்திருக்கலாம். 20க்கு 1 என்ற விலை அவர்களை ஈர்த்தது. அந்த ஐந்து வாரத்தில் அறிந்தவர்கள் ஈட்டிய பணம் அவர்களிடமிருந்து வந்தது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

கடலுக்கு அப்பால்

அமெரிக்கர்களால் பெட்ஃபேரில் கட்ட முடியாது. அவர்களுக்கு அப்போது இருந்தது பிரெடிக்ட்இட் என்ற கணிப்புச் சந்தை. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகம் ஆய்வு நோக்கில் 2014இல் அதைத் தொடங்கியது. அங்கே ஒருவர் ஓர் ஒப்பந்தத்தில் 850 டாலருக்கு மேல் போடக்கூடாது என்பது அப்போதைய வரம்பு. ஆதாயத்தில் 10 விழுக்காடு கட்டணம். பணத்தை வெளியே எடுக்க மேலும் 5 விழுக்காடு. இந்தக் கட்டணங்களோடு 95 சென்ட் கொடுத்து 1 டாலர் வாங்குவதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் அங்கே பைடனுக்குக் காட்டிய வாய்ப்பு பெட்ஃபேரைவிடவும் தாழ்ந்தே கிடந்தது. சரியான விலையை அறிந்தவர்கள் இருந்தும், வரம்பும் கட்டணமும் அவர்களின் கையைக் கட்டிப்போட்டன.

வரம்பே இல்லாத இடத்திலும் இதே நிலைதான் என்பதைக் காட்டியவர் எதீரியம் என்ற மறைநாணயத்தை (கிரிப்டோ) உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின். மறைநாணயச் சந்தையில் 'டிரம்ப் வெல்ல மாட்டார்' என்ற டோக்கன் தேர்தல் முடிந்த பிறகும் 85 சென்ட் அளவில் விற்றதைக் கண்டு, அவர் 3 இலட்சம் டாலருக்கு மேல் ஈடுபடுத்தி ஏறக்குறைய 56,000 டாலர் ஈட்டினார். அதை எப்படிச் செய்தார் என்று பின்னர் விரிவாக எழுதவும் செய்தார். தம் எதீரியத்தை அடகு வைத்து நாணயம் கடன் வாங்கி, டோக்கன்களைப் பிரித்து விற்று, பல படிகளைத் தாண்டித்தான் அதைச் சாதிக்க முடிந்தது. எதீரியத்தை உருவாக்கியவருக்கே அவ்வளவு வேலை என்றால், சாதாரண மனிதர் அதைச் செய்யாமல் விட்டதில் குறை காண முடியாது.

இரண்டு நாட்டுப் பழக்கம்

பிரிட்டிஷ் பந்தயக்காரர்கள் இவ்வளவு குழம்பியதற்கு அவர்களுடைய நாட்டு வழக்கமும் ஒரு காரணம். அங்கே வாக்குப்பதிவு இரவு 10 மணிக்கு முடிந்த நொடியில் தொலைக்காட்சிகள் வாக்குச்சாவடிக் கணிப்பை வெளியிடும். விடிவதற்குள் பெரும்பாலான தொகுதிகளில் தேர்தல் அதிகாரி மேடையேறி, வேட்பாளர்கள் வரிசையாக நிற்க, எண்ணிக்கையை உரக்கப் படிப்பார். அந்த அறிவிப்புதான் முடிவு. பெரும்பாலும் மறுநாளே புதிய பிரதமர் டவுனிங் தெருவுக்கு வந்துவிடுவார். பந்தயமும் அன்றே தீரும்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான தேர்தல் ஆணையம் முடிவை அறிவிப்பதில்லை. 50 மாநிலங்களும் தலைநகரும் தனித்தனியே எண்ணி, தனித்தனியே சான்றளித்து, தேர்வாளர்களை அனுப்ப, அவர்கள் டிசம்பரில் வாக்களிக்க, ஜனவரி 6 அன்று காங்கிரஸ் அதை எண்ணுகிறது. இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் பத்திரிகை நிறுவனங்களின் கணிப்பு நிரப்பிவந்தது. தோற்றவர் அதை ஏற்று வாழ்த்துச் சொல்லும் மரபால்தான் அது இத்தனை காலம் போதுமானதாக இருந்தது. தோற்றவர் ஏற்க மறுத்தபோது, கணிப்பு என்ற சொல்லை நம்பி எழுதிய பந்தய விதியும் தடுமாறியது.

இத்தகைய காத்திருப்பு அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1916இல் வுட்ரோ வில்சனும் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸும் மோதியபோது, நியூயார்க்கின் வால் தெருவில் தேர்தல் பந்தயம் வெளிப்படையாக நடந்தது. அந்த இரவில் கிழக்கு மாநிலங்களின் முடிவைப் பார்த்து ஹியூஸ் பக்கம் சாய்ந்த சந்தை, கலிபோர்னியா 4,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வில்சனுக்குப் போகும் வரை நாள்கணக்கில் காத்திருந்தது. ஆனால் அப்போது காத்திருந்தது எண்ணிக்கைக்காக. 2020இல் எண்ணிக்கை முடிந்தும் காத்திருக்க நேர்ந்தது.

தீர்வும் பின்விளைவும்

டிசம்பர் 14, திங்கட்கிழமை. மாநிலத் தலைநகரங்கள் ஒவ்வொன்றிலும் தேர்வாளர்கள் கூடி வாக்களித்தார்கள். கலிபோர்னியாவின் 55 வாக்குகள் பைடனைப் பெரும்பான்மைக்குத் தேவையான 270க்கு மேல் கொண்டு சென்றன. பெட்ஃபேர் சந்தையைத் தீர்த்தது, 1.05க்கு வாங்கியவர்களுக்கு 1.05 வந்து சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்களின் கூட்டம் புகுந்தபோது இந்தச் சந்தையில் பந்தயம் எதுவும் மிச்சம் இல்லை.

அடுத்த தேர்தலுக்குள் பந்தயக்காரர்களின் கவனம் விதியின் சொற்கள் மீது திரும்பியது. 2024இல் 300 கோடி டாலருக்கு மேல் புரண்ட பாலிமார்க்கெட் சந்தையின் விதி இரண்டு வாக்கியத்தில் காரியத்தைச் சொன்னது: அசோசியேட்டட் பிரஸ், ஃபாக்ஸ், என்பிசி ஆகிய மூன்றும் ஒரே பெயரை அறிவித்தால் பந்தயம் உடனே தீரும், அப்படி அறிவிக்காவிட்டால் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்பவரின் பெயரில் தீரும். கணிப்பவர் யார், கடைசி நாள் எது என்ற இரண்டு கேள்விக்கும் அதில் விடை இருந்தது. அந்த நவம்பரில் தேர்தல் முடிந்த மறுநாள் காலை விடிவதற்குள் மூன்று நிறுவனங்களும் டிரம்பின் பெயரையே சொல்லிவிட்டதால், இரண்டாவது வாக்கியத்துக்கு வேலை வரவில்லை.